முதுகில் பை, கையில் பலகை: குட்டா முதல் நியாஸ் வரை

பாலித் தீவு என்றால் இன்றைக்கு நமக்கு ஞாபகம் வருவது ஹனிமூன் பேக்கேஜும் இன்ஸ்டாகிராம் ஊஞ்சலும்தான். 2023, 2024 இரண்டு வருடங்களிலும் பாலிக்குப் போன வெளிநாட்டுக்காரர்களில் ஆஸ்திரேலியர்களுக்கு அடுத்த இடம் நம் இந்தியர்களுக்கு. எங்கள் கல்லூரிக் கும்பலும் கடைசி செமஸ்டர் முடிந்ததும் போவதாக ஒரு திட்டம் வைத்திருக்கிறது (திட்டம் மட்டும்தான், காசு இன்னும் சேரவில்லை). போகிற இடத்தைப் பற்றிக் கொஞ்சம் படிக்கலாமே என்று உட்கார்ந்தால், கோயில், நடனம், எரிமலை எல்லாவற்றையும் விட வேறொரு விஷயம் என்னைப் பிடித்துக்கொண்டது. முதுகில் ஒரு பையை மாட்டிக்கொண்டு, கையில் ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு, ரொம்பக் குறைவான பணத்தோடு தீவு தீவாகச் சுற்றுகிறார்களே, இந்தப் பழக்கம் எப்போது ஆரம்பித்தது? யார் ஆரம்பித்தது? பி.காம் படிக்கிறவனுக்கு வரவேண்டிய கேள்வியும் கூடவே வந்தது: இதில் யாருக்கு லாபம், யார் கணக்கில் நஷ்டம் எழுதினார்கள்?

முதலில் ஹவாய். அலைச்சறுக்கின் தாய்வீடு அதுதான் என்பதால் விட்டுவிட முடியாது, ஆனால் பலருக்கும் தெரிந்த கதை என்பதால் வேகமாகத் தாண்டிவிடுகிறேன். பாலினீசியத் தீவுகள் பலவற்றில் அலையில் விளையாடும் பழக்கம் இருந்தாலும், பலகை மேல் எழுந்து நின்று சறுக்குவதை ஒரு பெரிய கலையாக வளர்த்தவர்கள் ஹவாய்க்காரர்கள். அரசர்களும் சறுக்கினார்கள், சாதாரண ஜனங்களும் சறுக்கினார்கள், பெண்களும் சறுக்கினார்கள். கேப்டன் குக்கின் மூன்றாவது பயணத்தில் கூட வந்த ஜேம்ஸ் கிங் 1779-ல் இதைப் பார்த்து வியந்து எழுதி வைத்திருக்கிறார். 1820-ல் அமெரிக்க மிஷனரிகள் வந்தார்கள். அதற்கு முன்னும் பின்னும் கப்பல்களோடு வந்த நோய்கள் அந்த ஜனத்தொகையையே அழித்தன. ஆளே இல்லாத ஊரில் விளையாட்டு எங்கிருந்து இருக்கும்? 19-ஆம் நூற்றாண்டு முடியும்போது சறுக்குபவர்கள் கொஞ்சம் பேர்தான் மிஞ்சினார்கள். 1898-ல் தீவையே அமெரிக்கா இணைத்துக்கொண்டது. அப்புறம் வைக்கீக்கிக் கடற்கரையில் அது மறுபடி துளிர்த்தது. 1907-ல் ஜாக் லண்டன் அதைப் பற்றி எழுதினார். 1912 ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் நீச்சலில் தங்கம் வாங்கிய டியூக் கஹானமோகு என்ற ஹவாய்க்காரர், 1914-15 கோடையில் சிட்னி பக்கம் போய் ஆஸ்திரேலியர்களுக்குச் சறுக்கிக் காட்டினார். அந்த ஆஸ்திரேலியர்கள்தான் நம் கதையில் பின்னால் படையெடுத்து வரப்போகிறார்கள்.

(நம்மூர்க் கட்டுமரம் கரைக்குத் திரும்பும்போது அலையின் முதுகில் ஏறி வருவதைப் பார்த்தவர்கள், 'இதுவும் அதுதானே?' என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம்மவர்கள் வயிற்றுப்பாட்டுக்குச் செய்ததை அவர்கள் ஜாலிக்குச் செய்தார்கள். கட்டுமரம் என்ற சொல் ஆங்கிலத்துக்குப் போனது, விளையாட்டு அங்கிருந்து நமக்கு வந்தது.)

இப்போது பாலி. 1936-ல் பாப் கோக், லூயிஸ் என்ற ஒரு அமெரிக்க ஜோடி அங்கே வந்து இறங்கியது. பாப் ஹாலிவுட்டில் எம்.ஜி.எம். நிறுவனத்தில் வேலை பார்த்தவர், ஹவாயில் அலைச்சறுக்குப் பழகியவர். அப்போது பாலி டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. பணக்காரப் பயணிகள் டென்பசாரில் டச்சுக் கப்பல் கம்பெனி நடத்திய ஹோட்டலில் தங்கி, நடனம் பார்த்து, போட்டோ பிடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். கடற்கரைப் பக்கம் தங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. குட்டா அப்போது ஒரு மீனவக் கிராமம், தென்னந்தோப்பு, நிறைய கொசு. (வெளியாட்கள் அங்கே புதிது என்று சொல்ல முடியாது. 1839-லிருந்து 1856-ல் சாகும்வரை மாட்ஸ் லாங்கே என்ற டேனிஷ் வியாபாரி அங்கேதான் கடை விரித்திருந்தார்.) கோக் ஜோடி அங்கே நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, உள்ளூர் பாணியில் கூரைக் குடில்கள் கட்டி 'குட்டா பீச் ஹோட்டல்' என்று பெயர் வைத்தது. பாப் தன் பலகையைக் கடலில் இறக்கினார். பாலியில் முதன்முதலில் அலைச்சறுக்கு விளையாடியவர் என்று பதிவாகியிருப்பது அவர்தான்.

ஹோட்டல் ஆறு வருடம்கூட ஓடவில்லை. 1942-ல் ஜப்பான் ராணுவம் வந்தது, ஜோடி தப்பித்தது, ஹோட்டல் அழிந்தது. லூயிஸ் எழுதி வைத்திருந்த நினைவுக்குறிப்பு 1987-ல்தான் புத்தகமாக வந்தது. இதில் எனக்குப் பிடித்தது என்னவென்றால், கடற்கரையில் கூரைக் குடில், வாசலில் சர்ஃபிங் என்று இன்றைக்கு உலகம் பூராவும் விற்கிற அதே சரக்கைத்தான் அந்த ஜோடி 1936-லேயே விற்றிருக்கிறது. சரக்கு சரி, சந்தை இன்னும் பிறக்கவில்லை. அதற்கு விமானம் வரவேண்டியிருந்தது.

விமானத்துக்கு முன்னால் ஒரு கொடுமை வந்தது. சுற்றுலாப் புத்தகங்கள் அதைப் பேசாது. 1965 அக்டோபரில் ஜகார்த்தாவில் நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிக்குப் பிறகு, கம்யூனிஸ்டுகள் என்று சந்தேகிக்கப்பட்டவர்களை நாடு முழுக்கக் கொன்று குவித்தார்கள். பாலியில் மட்டும் சில மாதங்களில் சுமார் 80,000 பேர் கொல்லப்பட்டிருக்கலாம் என்று ஆய்வாளர்கள் மதிப்பிடுகிறார்கள். தீவின் ஜனத்தொகையில் அது ஏறக்குறைய இருபதில் ஒருவர். அடுத்த வருடமே, 1966-ல், சானூர் கடற்கரையில் பாலி பீச் ஹோட்டல் என்ற பத்து மாடிக் கட்டிடம் திறக்கப்பட்டது. கட்டிய காசு ஜப்பான் கொடுத்த போர் நஷ்டஈடு. 1969 ஆகஸ்டில் பெரிய ஜெட் விமானங்கள் இறங்கும் அளவுக்கு சர்வதேச விமான நிலையம் தயார். அமைதியான தீவு, சிரிக்கும் மக்கள் என்ற விளம்பரம் ஆரம்பித்தபோது, எத்தனையோ வீடுகளில் துக்கம் ஐந்து வருடம்கூட ஆகாதது. அழகுப் படங்களைப் பார்க்கும்போது இந்த இரண்டு தேதிகளையும் நான் பக்கத்தில் வைத்துத்தான் பார்க்கிறேன்.

சுஹார்த்தோ அரசாங்கத்துக்கு அந்நியச் செலாவணி வேண்டும். உலக வங்கி ஆதரவோடு ஒரு பிரெஞ்சு ஆலோசனை நிறுவனம் 1971-ல் ஒரு மாஸ்டர் பிளான் கொடுத்தது. திட்டம் என்னவென்றால், பயணிகளை எல்லாம் நூசா துவா என்ற வறண்ட மூலையில் ஆடம்பர ஹோட்டல்களுக்குள் அடைத்துவிடுவது, அவர்களைப் பகலில் பஸ்ஸில் கூட்டிப்போய் கோயில் காட்டிவிட்டுத் திரும்பக் கொண்டுவந்து விடுவது. கலாசாரமும் கெடாது, டாலரும் வரும். ஏட்டில் அருமையான திட்டம். ஆனால் அந்தத் திட்டம் போட்டவர்களின் கணக்கில் வராத ஒரு ஆள் அதற்குள் குட்டாவில் வந்து உட்கார்ந்திருந்தான். தலைமுடி நீளம், பர்ஸ் சின்னது, முதுகில் பை.

அவனுக்கு ஹோட்டல் வேண்டாம். ஒரு பாயும் ஒரு டீயும் ஒரு வாழைப்பழமும் போதும். குட்டாக் குடும்பங்கள் தங்கள் வளாகத்திலேயே இரண்டு அறையை ஒதுக்கிக் கொடுத்தன. அதற்கு 'லோஸ்மன்' என்று பெயர், டச்சுக்காரர்கள் விட்டுப்போன சொல். முதலீடு கிட்டத்தட்ட பூஜ்யம். சுற்றுலாப் பொருளாதாரத்தில் 'கசிவு' என்று ஒன்று சொல்வார்கள். பயணி செலவழிக்கும் பணத்தில் எவ்வளவு இறக்குமதி, வெளிநாட்டுப் பங்குதாரர், நிர்வாகக் கட்டணம் என்று ஊரை விட்டு வெளியே ஒழுகிப் போகிறது என்பது. ஐந்து நட்சத்திர ஹோட்டலில் விஸ்கியிலிருந்து மேனேஜர்வரை வெளியிலிருந்துதான் வருவார்கள், ஒழுகல் அதிகம். லோஸ்மனில் வாடகை நேராக வீட்டு அம்மாவின் கைக்குப் போகும், அது சந்தைக்குப் போகும், அங்கிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். அதிகாரிகள் 'ஹிப்பிகள்' என்று முகம் சுளித்த அந்தப் பரதேசிக் கூட்டம்தான் தலைக்கு குறைவாகச் செலவழித்தாலும் ஊருக்கு நேராகக் கொடுத்தது. நூசா துவாவில் முதல் பெரிய ஹோட்டல்கள் எழும்பி முடிப்பதற்குள் குட்டாவில் ஒரு முழுச் சந்தையே உருவாகிவிட்டது.

இந்தக் கூட்டம் எங்கிருந்து வந்தது? லண்டனிலிருந்து துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், இந்தியா என்று தரைவழியாக வந்து, தென்கிழக்கு ஆசியா வழியாக ஆஸ்திரேலியா போகிற பாதை அப்போது பிரபலம். அந்தப் பாதையில் வந்து சேர்ந்த டோனி, மௌரீன் வீலர் தம்பதி 1973-ல் ஒரு சின்னப் புத்தகம் போட்டார்கள். 1975-ல் சிங்கப்பூரில் ஒரு சந்துச் சீன ஹோட்டலில் உட்கார்ந்து தென்கிழக்கு ஆசியாவுக்கு ஒரு வழிகாட்டி எழுதினார்கள், மஞ்சள் அட்டை. அதுதான் லோன்லி பிளானட். கொசுறாக ஒரு வணிகத் தகவல்: 2007-லும் 2011-லுமாக இந்த நிறுவனத்தை பிபிசி மொத்தம் சுமார் 13 கோடி பவுண்டுக்கு வாங்கி, 2013-ல் சுமார் 5 கோடி பவுண்டுக்கு விற்றது. எங்கள் வகுப்பில் 'தவறான கையகப்படுத்தல்' என்பதற்கு உதாரணம் கேட்டால் நான் இதைத்தான் எழுதுவேன்.

அலைக்காரர்களுக்கு வேறொரு தூண்டுதல். புரூஸ் பிரவுன் எடுத்த 'தி எண்ட்லெஸ் சம்மர்' என்ற படம் 1966-ல் அமெரிக்கா முழுக்க ஓடியது. இரண்டு கலிபோர்னியா இளைஞர்கள் கோடைகாலத்தைத் துரத்திக்கொண்டு உலகம் சுற்றுகிறார்கள், ஆளில்லாத அலைகளைத் தேடுகிறார்கள், கதை அவ்வளவுதான். பிரவுன் முதலில் தென்னாப்பிரிக்கா போய்த் திரும்பத்தான் நினைத்தாராம். போகவர டிக்கெட்டை விட உலகையே சுற்றி வரும் டிக்கெட் விலை குறைவு என்று டிராவல் ஏஜெண்ட் சொன்னதால்தான் உலகச் சுற்றுலா ஆனது. ஒரு முழுத் தலைமுறையின் கனவு ஒரு கட்டண அட்டவணையிலிருந்து பிறந்திருக்கிறது :-)

பாலியில் அந்தக் கனவு வந்து இறங்கிய இடம் உலுவாட்டு. தீவின் தென்கோடியில் புக்கிட் என்ற சுண்ணாம்புக்கல் மேடு, செங்குத்தான பாறை, உச்சியில் பழைய கோயில். 1971-ல் ஆல்பர்ட் ஃபால்சன் என்ற ஆஸ்திரேலியர் 'மார்னிங் ஆஃப் தி எர்த்' என்ற படத்துக்காக அங்கே போனார். கூட வந்தவர்கள் ரஸ்டி மில்லர் என்ற அமெரிக்கரும், ஸ்டீவ் கூனி என்ற ஆஸ்திரேலியப் பள்ளிக்கூடப் பையனும். பாறைக்கு அடியில் ஒரு குகை, அதற்குள் இறங்கினால் கடல், அங்கிருந்து நீந்திப் போனால் பவளத்திட்டின் மேல் வரிசை வரிசையாக உடையும் அலை. 1972-ல் படம் வெளிவந்ததும் ரகசியம் உடைந்தது.

ஏன் இந்தோனேசியாவில் மட்டும் இப்படி? காரணம் ரொம்ப தூரத்தில் இருக்கிறது. அண்டார்டிகாவுக்கு வடக்கே தென்பெருங்கடலில் வருடம் முழுக்கப் புயல். அங்கே கிளம்பும் ஆழ்கடல் அலை ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் தடையில்லாமல் இந்துமாக்கடலில் பயணம் செய்து வருகிறது. ஜாவா, சுமத்ரா பக்கம் கரையை ஒட்டியே கடல் ஆழம் என்பதால் வழியில் வேகம் குறைவதில்லை. அப்படியே வந்து பவளத்திட்டில் மோதுகிறது. மே முதல் செப்டம்பர்வரை வீசும் தென்கிழக்குக் காற்று, தீவுகளின் மேற்குப் பக்கக் கரைகளில் நிலத்திலிருந்து கடலைப் பார்த்து அடிப்பதால் அலையின் முகம் சரியாமல் நிமிர்ந்து நிற்கும். சுருண்டு விழும்போது உள்ளே ஒரு குழாய் உண்டாகும். அந்தக் குழாய்க்குள் இரண்டு நொடி நிற்பதற்காகத்தான் இவர்கள் வேலையை விடுகிறார்கள், படிப்பை விடுகிறார்கள்.

இந்தப் படக்கதைகளை எல்லாம் என் நண்பன் ஒருவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். கடலூர்ப் பக்கம் மீனவக் குடும்பத்துப் பையன், எங்கள் கும்பலில் நிஜமாகவே கடல் தெரிந்தவன் அவன் ஒருவன்தான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "இவனுங்க கண்டுபிடிச்சாங்களா? அந்த ஊருக்காரனுக்கு என்ன மச்சி, கண்ணு தெரியாதா?" என்றான். அதற்குப் பிறகு ஒவ்வொரு கதையையும் நான் படித்த விதமே மாறிவிட்டது.

பாலிக்காரர்களுக்குக் கண் நன்றாகவே தெரிந்தது. அவர்களுடைய உலகப் பார்வையில் மலைப்பக்கம் தெய்வங்களின் திசை, கடல்பக்கம் கீழான சக்திகளின் திசை. சாம்பலைக் கரைக்கவும், புனிதப்படுத்தும் சடங்குகளுக்கும் கடலுக்கு வருவார்கள், விளையாட வருவது வழக்கமில்லை. அப்படியிருந்தும் குட்டாப் பையன்கள் வெள்ளைக்காரன் விட்டுப்போன பலகைகளை எடுத்துக்கொண்டு இறங்கினார்கள். மாடே காசிம், கெடே நர்மடா போன்ற பெயர்கள் 1970களிலேயே அந்த முதல் தலைமுறையில் வருகின்றன. புக்கிட் மேட்டு ஜனங்கள், ஒன்றும் விளையாத வறண்ட நிலத்துக்காரர்கள், பலகை தூக்கியும் தண்ணீர் விற்றும் சம்பாதித்தார்கள். அன்றைக்கு மதிப்பில்லாத அந்தப் பாறை ஓரத்தில் இன்றைக்கு நிற்பவை வில்லாக்களும் ரிசார்ட்டுகளும். தோக்கியோ ஒலிம்பிக் 2021-ல் நடந்தபோது அலைச்சறுக்கு முதன்முதலாகச் சேர்க்கப்பட்டது. அதில் இந்தோனேசியாவுக்காக இறங்கிய ரியோ வைடா பாலியில் வளர்ந்தவர்.

நடுவில் பட்ட அடிகளையும் சொல்லிவிட வேண்டும். 2002 அக்டோபர் 12 இரவு குட்டாவில் பேடீஸ் பப், சாரி கிளப் இரண்டிலும் குண்டு வெடித்து 202 பேர் இறந்தார்கள், அதில் 88 பேர் ஆஸ்திரேலியர்கள். 2005-ல் மறுபடி குண்டு. 2020-ல் கொரோனா. ஒவ்வொரு முறையும் விமானம் நின்றதும் முதலில் காலியானது அந்தச் சின்ன லோஸ்மன்களும் கடற்கரைத் தள்ளுவண்டிகளும்தான். ஒரே சரக்கை நம்பிய ஊரின் கதி அது.

பாலியில் கூட்டம் சேர்ந்ததும் அடுத்த தீவு. ஜாவாவின் கிழக்கு முனையில் கிரஜாகன். பாப் லேவர்ட்டி என்ற அமெரிக்கர் விமான ஜன்னல் வழியாக அந்த அலையைப் பார்த்தார். 1972-ல் பில் பாயம் என்ற நண்பரோடு மோட்டார் சைக்கிளில் கடற்கரை மணலிலேயே ஓட்டிப் போய்ச் சேர்ந்தார். காடு, மலேரியா, சிறுத்தை. திரும்பி வந்த கொஞ்ச நாளில் லேவர்ட்டி உலுவாட்டு அலையில் இறந்துபோனார். பில்லின் அண்ணன் மைக் பாயம் காட்டுக்குள் மூங்கில் தூண்கள் மேல் குடில் போட்டு, எண்ணி சில பேரை மட்டும் அனுமதித்து, காசு வாங்கினார். உலகத்தின் முதல் சர்ஃப் முகாம் என்று இதைத்தான் சொல்கிறார்கள். அலை பொதுச்சொத்து, அதன் முன்னால் இருக்கும் படுக்கைக்குத்தான் விலை. கெட்டிக்கார வியாபாரம். அந்தக் காலத்தில் பயணச் செலவுக்குப் போதைப்பொருள் கடத்தியவர்கள் கொஞ்ச நஞ்சமில்லை, மைக் பாயமும் அதில் மாட்டினார். கடைசியில் பிலிப்பைன்ஸின் சியார்காவ் தீவில் ஒளிந்து வாழ்ந்து, நீண்ட உண்ணாவிரதத்துக்குப் பின் 1989-ல் இறந்தார்.

1994 ஜூன் 3 அதிகாலை கிழக்கு ஜாவாவின் தென்கரையைச் சுனாமி தாக்கியது. கிரஜாகன் முகாமில் தூங்கிக்கொண்டிருந்த அலைக்காரர்களைக் குடிலோடு காட்டுக்குள் அடித்துப் போனது, ஆனால் எல்லோரும் பிழைத்தார்கள். அந்தக் கதை சர்ஃபிங் உலகத்தில் ரொம்பப் பிரபலம். அதே அலையில் அந்தக் கரையோரத்தில் 200க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பாஞ்சர் என்ற மீனவக் கிராமம்தான் மிக மோசமாக அடிபட்டது. இந்தப் பெயரைத் தேடிப் பிடிக்க எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்த வருடமே கிரஜாகனில் உலகப் போட்டி நடந்தது, கெல்லி ஸ்லேட்டர் ஜெயித்தார்.

நம் பக்கத்திலும் இப்படி ஒரு ஊர் உண்டு. இலங்கையின் கிழக்குக் கரையில், பொத்துவிலை ஒட்டிய அறுகம்பை. 1970களிலேயே முதுகுப்பைக்காரர்கள் கண்டுகொண்ட குடா. அப்புறம் யுத்தம், அதற்குள் 2004 சுனாமி, பாலமே உடைந்தது. யுத்தம் 2009-ல் முடிந்த பிறகு கூட்டம் திரும்பியது. மீன்பிடிப் படகு நிற்கும் அதே மணலில் பலகைகளும் நிற்கின்றன. தமிழில் பேசியே அறை எடுத்து, தமிழில் பேசியே அலைச்சறுக்குப் பழகக்கூடிய இடம். எங்கள் பட்ஜெட்டுக்கு இதுதான் கடைசியில் வாய்க்கும் போலிருக்கிறது.

நான் ரொம்ப நேரம் செலவழித்தது நியாஸ் தீவுக் கதையில்தான். சுமத்ராவுக்கு மேற்கே இருக்கிற தீவு. தெற்கு நியாஸ் ஜனங்கள் பழைய காலத்திலிருந்தே குன்றுகளின் உச்சியில், கல் பாவிய தெருக்களோடு, கப்பல் மாதிரி பெரிய மர வீடுகள் கட்டி வாழ்ந்தவர்கள். இளைஞர்கள் ஆளுயரக் கல்மேடையைத் தாண்டிக் குதிக்கும் வழக்கம் உண்டு. இந்தோனேசியாவின் பழைய 1,000 ரூபியா நோட்டில் அந்தப் படம் இருந்தது. 1975-ல் கெவின் லவெட், ஜான் கீசல், பீட்டர் டிராய் என்ற மூன்று ஆஸ்திரேலியர்கள் வரைபடத்தைப் பார்த்து, படகு மாறி, நடந்து, லகுண்ட்ரிக் குடாவுக்கு வந்தார்கள். டிராய் சாதாரண ஆள் இல்லை, 1964-ல் பிரேசிலுக்கு அலைச்சறுக்கை அறிமுகப்படுத்தியவர்களில் ஒருவர், நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகள் சுற்றியவர். தென்னை மரங்களுக்கு முன்னால், மனித நடமாட்டமில்லாத குடாவில், எந்திரம் போல ஒரே மாதிரி உடையும் வலப்பக்க அலை. அவர்கள் தேடிக்கொண்டிருந்த சொர்க்கம் அதுதான்.

சொர்க்கத்தில் கொசுவும் இருந்தது. ஜான் கீசலுக்கு மலேரியா வந்தது. அதில் பலவீனப்பட்டுப்போன உடம்பு தேறவே இல்லை. ஒரு வருடம்கூட ஆவதற்குள் நிமோனியாவில் இறந்துபோனார். சின்ன வயது. அவருடைய பெயர் சர்ஃபிங் வரலாற்றில் நிற்கிறது, நிற்கட்டும். ஆனால் அதே கொசு வருடா வருடம் தூக்கிக்கொண்டு போன நியாஸ் குழந்தைகளின் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. ரகசியம் சில வருடங்களில் பத்திரிகைகளுக்குப் போனது. லகுண்ட்ரி ஜனங்கள் கடற்கரையில் லோஸ்மன் கட்டினார்கள். குட்டாவில் நடந்தது இங்கே சின்ன அளவில் நடந்தது.

அதற்குத் தெற்கே மெந்தாவாய் தீவுகளில் நடந்தது வேறு மாதிரி. 1991-ல் லான்ஸ் நைட் என்ற ஆஸ்திரேலியர் சிப்போரா தீவில் கட்டியெட் கிராமத்துக்கு வந்து, ஊர்க்காரர்களோடு தங்கி, கிராமத்துக்கு முன்னால் உடையும் அலையில் சறுக்கினார். அந்தச் சமயத்திலேயே மூழ்கிய கப்பல்களைத் தோண்டும் தொழில் செய்த மார்ட்டின் டேலி என்ற இன்னொரு ஆஸ்திரேலியர் தன் படகில் அங்கே வந்து சேர்ந்தார். அலைக்கு 'லான்ஸின் வலப்பக்கம்' என்று பெயர் வந்தது. கட்டியெட் என்ற பெயரை உலகத்துக்குத் தெரியாது. டேலி தன் படகைப் பயணிகள் படகாக மாற்றினார். அடுத்த பத்து வருடத்தில் ஏகப்பட்ட படகுகள். பயணிகள் படகிலேயே தூங்கி, படகிலேயே சாப்பிட்டு, ஆயிரக்கணக்கில் டாலர் கொடுத்து, கிராமத்து மண்ணில் கால் வைக்காமலே திரும்பினார்கள். லோஸ்மன் கணக்கு இங்கே தலைகீழ். கசிவு என்ற சொல்லே போதாது, பாத்திரமே வெளியில் இருந்தது. உள்ளூர் நிர்வாகம் பல வருடம் முயன்று, 2016-ல் அலைக்காரர்களுக்கென்று 15 நாளுக்கு 10 லட்சம் ரூபியா வரி போட்டது. நம் கணக்கில் அப்போது ஐயாயிரம் ரூபாய் சொச்சம். படகு டிக்கெட் வாங்குகிறவனுக்கு அது டிப்ஸ் காசு.

ஆனால் அந்தப் படகுகளில் ஒன்றிலிருந்து ஒருவர் இறங்கினார். டேவ் ஜென்கின்ஸ், நியூசிலாந்து மருத்துவர், 1999-ல் அலைக்காக வந்தவர். ஒரு கிராமத்துக்குள் போனவர், சாதாரணமாகத் தடுக்கக்கூடிய மலேரியாவிலும் வயிற்றுப்போக்கிலும் பெண்களும் குழந்தைகளும் சாவதைப் பார்த்தார். ஊருக்குப் போய் 2000-ல் 'சர்ஃப்எய்ட்' என்ற அமைப்பை ஆரம்பித்தார். முதல் வேலை கொசுவலை. ஜான் கீசல் இறந்து கால் நூற்றாண்டு கழித்து.

2004 டிசம்பர் 26 சுனாமி வந்து மூன்று மாதம் கழித்து, 2005 மார்ச் 28 இரவு, நியாஸை 8.6 அளவு நிலநடுக்கம் குலுக்கியது. தீவில் 900க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், பெரும்பாலோர் கட்டிடங்களுக்கு அடியில். அலைக்காரர்களை ஏற்றிக்கொண்டு திரிந்த படகுகள் அரிசி, மருந்து, தார்ப்பாய் ஏற்றிக்கொண்டு போயின. அந்தக் கரைகளையும் பவளத்திட்டுகளையும் அவர்கள் அளவுக்குத் தெரிந்த வெளியாட்கள் வேறு யாரும் இல்லை. தீவின் மேற்குக் கரை சில இடங்களில் இரண்டு மீட்டருக்கும் மேலாகக் கடலிலிருந்து எழும்பிவிட்டது. லகுண்ட்ரியிலும் பவளத்திட்டு மேலே உயர்ந்தது. வெயிலில் காய்ந்த பவளம் வெளுத்துச் செத்தது, மீன் பிடித்த ஆழமில்லாத பகுதிகள் தரையாயின. பயந்த ஜனங்கள் மேட்டுக்கு ஏறிப் பல நாள் கூடாரத்தில் இருந்தார்கள். பிறகு ஒவ்வொருவராக இறங்கி வந்து லோஸ்மன்களைத் திரும்பக் கட்டினார்கள். வாடிக்கையாளர்கள் வந்தார்கள், முன்பை விட அதிகமாகவே வந்தார்கள். திட்டு உயர்ந்ததால் லகுண்ட்ரி அலை இப்போது சின்ன நாளிலும் உடைகிறது, முன்பை விட இறுக்கமாகச் சுருள்கிறது, குழாய் இன்னும் அகலம் என்கிறார்கள்.